கத்தியைத் திருப்பிக் கொடுத்தவள்

குத்துப்பட்டவள் தன்னைக் குத்தியவனிடமே கத்தியைத் திருப்பிக் கொடுத்தாள் என்று அறிக்கையில் இருந்தது. ஹிஸ்கா அந்த வரியை ஐந்தாவது தடவையாகப் படித்தாள்.

"படிக்கப் படிக்க மாறாது தலைவி," என்றான் பௌக்கெ. "என் கல்யாணப் பத்திரத்தை நானும் அப்படித்தான் திரும்பத் திரும்பப் படிச்சுப் பார்த்தேன்."

ஹிஸ்கா சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்தே அவள் சிரிக்கவில்லை.

சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் அவர்களுடைய துப்பறியும் நிலையம். ஹிஸ்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. போலீஸ் வேலையை உதறிவிட்டு வந்தவள். பௌக்கெ பதினெட்டு வருஷம் ரொட்டி வண்டி ஓட்டி, முதுகு மக்கர் பண்ணியதும் இவளிடம் வந்து சேர்ந்தவன். செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஹிஸ்கா பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு நடத்துவாள். அதில் பஞ்சு அடைத்த உடுப்பை மாட்டிக்கொண்டு வில்லனாக வந்து நிற்பது பௌக்கெயின் வேலை. வாரம் தவறாமல் பதினாலு பெண்களிடம் உதை வாங்கச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆண் இந்த மாகாணத்தில் தான் மட்டுமே என்று பீற்றிக்கொள்வான்.

அந்தப் பதினாலு பேரில் ஒருத்திதான் அனூக். இருபத்தொன்பது வயது. மருந்துக்கடையில் வேலை. போன வியாழக்கிழமை நாலு மணிக்குத் தன் குடியிருப்பின் சைக்கிள் கொட்டகையில் வண்டியை நிறுத்தினாள். தலைமூடி போட்ட மழைக்கோட்டு ஆசாமி ஒருவன் பாய்ந்தான். இடப்பக்க வயிற்றில் கத்தி இறங்கியது. இரண்டு அறுவை சிகிச்சை முடிந்தும் அவள் இன்னும் கண் விழிக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே அவளுடைய முன்னாள் கணவன் சீப்ரனைப் போலீஸ் தூக்கிவிட்டது. காரணங்கள் மூன்று. அவன் பல மாலைகள் அவள் வீட்டுக்கு எதிரே நின்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவன். அது தெருவுக்கே தெரியும். அடுத்தது, கொட்டகைத் தரையில் கிடந்த ஒரு சாக்லேட் எழுத்து. டிசம்பரில் வரும் சிந்தர்கிளாஸ் பண்டிகை நெருங்கினால் இந்த நாட்டில் அவரவர் பெயரின் முதல் எழுத்து வடிவத்தில் ஆளுக்கொரு சாக்லேட் வாங்கிக் கொடுப்பார்கள். கிடந்தது அனூக்கின் முதல் எழுத்து. சமாதானம் பேச வந்தவன், அவள் மசியவில்லை என்றதும் குத்திவிட்டான் என்று இன்ஸ்பெக்டர் கணக்குப் போட்டார். அவள் கத்தியைத் திருப்பிக் கொடுத்ததையும் அதே கணக்கில் சேர்த்துக்கொண்டார். மனதில் கொஞ்சம் இடம் வைத்திருப்பவள்தான் அப்படிச் செய்வாள் என்பது அவர் வாதம்.

மூன்றாவது காரணம் ஹிஸ்காவேதான்.

யாரும் கேட்பதற்கு முன்னால் போலீஸ் நிலையத்துக்குப் போய், "சீப்ரன்தான். என் மாணவியை எனக்குத் தெரியும், அவனையும் தெரியும்," என்று வாக்குமூலம் எழுதிக் கொடுத்தவள் அவள். அது போதாதென்று வகுப்புப் பெண்கள் எல்லோருக்கும் செல்போனில் செய்தியும் அனுப்பினாள்.

இன்று காலை ஒன்பது மணிக்கு சீப்ரனின் அக்கா கையில் ஆப்பிள் கேக்கோடு வந்து நின்றாள். "உங்க வார்த்தையாலதான் என் தம்பி உள்ள போனான். வெளிய வர்றதும் உங்களாலதான் ஆகணும்," என்று சொல்லி, அழுதுவிட்டு, கேக்கை வைத்துவிட்டுப் போய்விட்டாள். இன்று மாலை நாலு மணிக்கு சீப்ரனை நீதிபதி முன்னால் நிறுத்துவார்கள். அவர் தலையசைத்தால் இன்னும் பதினாலு நாள் கம்பிக்குள்.

ஹிஸ்கா இந்த வேலையை ஒப்புக்கொண்டது அவனைக் காப்பாற்ற அல்ல. தான் சொன்னது சரிதான் என்று தனக்கே நிரூபித்துக்கொள்ளத்தான். இரண்டு வருஷம் கற்றுக்கொடுத்தும் அனூக் ஒரு மழைக்கோட்டுக்கு முன்னால் சரிந்துவிட்டாளே என்ற உறுத்தல் நெஞ்சில் மீன் முள் மாதிரி மாட்டிக்கொண்டிருந்தது. குற்றவாளி என்று ஒருத்தன் கையில் இருந்தால் அந்த முள் கொஞ்சம் அசைந்து கொடுக்கும்.

பௌக்கெ கேக்கில் தாராளமாகத் தனக்கொரு துண்டு வெட்டிக்கொண்டான். கத்தியைத் திருப்பி, அலகை இரண்டு விரலில் பிடித்து, கைப்பிடியை ஹிஸ்காவிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு தலையசைத்தாள். ஒரு சின்னத் துண்டு வெட்டினாள், ஆனால் சாப்பிடவில்லை.

"சாட்சியைப் பார்க்கணும்," என்றாள். "அந்தப் பெரியவர் என்னத்தைப் பார்த்தார்னு நேர்ல கேக்கணும்."

"பார்த்தார்னு சொல்லாத. எழுபத்தாறு வயசு. என்னைப் பார்த்தா ஒல்லியா இருக்கேன்னு சொல்வாரோ என்னவோ."

*

சாட்சியின் பெயர் வீபெ. கொட்டகையின் திறந்த வாசலைப் பார்த்தபடி இரண்டாம் மாடியில் இருந்தார். ஜன்னலுக்குத் திரை கிடையாது. ஆளுக்கு ஒரு கோப்பை காபியும் ஒரே ஒரு பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு டப்பாவை டப்பென்று மூடினார். மூடிய டப்பாவைப் பௌக்கெ ஏக்கத்தோடு பார்த்தான்.

"ஐயா, கண் நல்லாத் தெரியுமா?" என்று கேட்டான்.

"முப்பத்தொன்பது வருஷம் பாலத்தைத் தூக்கி இறக்கினவன் தம்பி நான். எந்தப் படகு எந்தப் பக்கம் வருது, பாய்மரம் எவ்வளவு உசரம், எல்லாம் கண்ணாலயே அளக்கணும். ஒரு தடவை தப்பா பார்த்திருந்தாலும் ஒரு கப்பல் போயிருக்கும். உன் இடது கால் செருப்பு தேஞ்சிருக்கு. வலது தேயல."

பௌக்கெ காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"அந்தப் பொண்ணு சைக்கிளைப் பூட்டினா," என்றார் வீபெ. "மழைக்கோட்டு பின்னாலேர்ந்து பாய்ஞ்சுது. அவ அப்படியே திரும்பி மணிக்கட்டைப் பிடிச்சு ஒரு முறுக்கு முறுக்கினா. கத்தி அவ கைக்கு வந்துடுச்சு. ரொம்ப அழகா இருந்துச்சு. கை தட்டலாம்னு தோணுச்சு."

ஹிஸ்கா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். ஆக, அனூக் சரியாகத்தான் செய்திருக்கிறாள்.

"அப்புறம்?"

"அப்புறம் திருப்பிக் கொடுத்தா. நான் சொன்னா போலீஸ்காரன் சிரிச்சான்."

"எப்படிக் கொடுத்தா? காட்டுங்க."

வீபெ காபிக் கரண்டியை எடுத்தார். குழிப் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து, காம்பு முன்னால் இருக்கும்படி பௌக்கெயிடம் நீட்டினார். பௌக்கெ வாங்கினான். தலையசைத்தான்.

தலையசைத்தவன் அப்படியே உறைந்து போனான்.

"தலைவி," என்றான் மெதுவாக. "நான் இப்ப தலையாட்டினேனா?"

ஹிஸ்கா அவன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டிருந்தது. வகுப்பில் கத்தியைப் பிடுங்கும் பயிற்சி ஒரு மணி நேரம் நடக்கும். பிடுங்கியவள் அதைத் திருப்பி, கைப்பிடி முன்னால் இருக்கும்படி எதிராளியிடம் நீட்டுவாள். எதிராளி தலையசைத்து வாங்கிக்கொண்டு மறுபடி பாய்வாள். இரண்டு வருஷத்தில் அனூக்கின் கை இதை ஆயிரம் தடவையாவது செய்திருக்கும். பிடுங்குவதற்கு எவ்வளவு பழக்கமோ, கொடுப்பதற்கும் அவ்வளவே பழக்கம்.

பிடுங்கியதும் கத்தியைத் தூர எறியச் சொல்லித்தான் ஆரம்பத்தில் ஹிஸ்கா கற்றுக்கொடுத்தாள். வகுப்பு நடக்கும் மண்டபத்தின் மேற்பார்வையாளர் சண்டைக்கு வந்துவிட்டார். பளபளவென்று மெருகேற்றிய மரத்தரையில் கீறல் விழுந்தால் மண்டபத்தைக் காலி பண்ணு என்றார். சரி, எறிய வேண்டாம், கையில் கொடுத்துவிடுங்கள் என்று ஹிஸ்கா மாற்றிக்கொண்டாள். ஒரு மரத்தரையைக் காப்பாற்ற இவ்வளவும் செய்திருந்தாள்.

"அவ மனசுல இடம் வெச்சிருந்ததால கொடுக்கல," என்றாள். "நான் கொடுக்கச் சொன்னதால கொடுத்தா."

"நீ வேணும்னேவா சொன்ன?" என்றான் பௌக்கெ. அவன் குரலில் கிண்டல் இல்லை.

ஹிஸ்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இருபது வருஷப் போலீஸ் புத்தி அவளைக் கேட்காமலே வேலை செய்தது. எல்லோரும் அனூக் என்ன செய்தாள் என்று கேட்டார்கள். எதிரே நின்ற ஆளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"ஐயா, அவ கத்தியைக் கொடுத்தப்போ அந்த ஆள் என்ன பண்ணான்? பிடுங்கினானா?"

"பிடுங்கறதா? கையை நீட்டிக்கிட்டு நின்னான். கடையில மீதிச் சில்லறைக்கு நிப்போமே, அப்படி. வாங்கிட்டு இந்தத் தம்பி மாதிரியே தலையை ஆட்டினான். ரெண்டு பேரும் சிரிச்சாப்புல இருந்துச்சு. அதைச் சொன்னதும்தான் போலீஸ், அப்ப புருஷன்தான்னு முடிவு கட்டிச்சு."

"அப்புறம்?"

"மறுபடி பாய்ஞ்சான். முதல்ல வலப்பக்கம் வந்தவன், இந்தத் தடவை இடப்பக்கம். அவ கை கொஞ்சம் லேட்டாப் போச்சு."

வலது ஒரு தடவை, இடது ஒரு தடவை. வகுப்பில் எப்போதும் அப்படித்தான். ஹிஸ்காவும் பௌக்கெயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சீட்டு," என்றான் பௌக்கெ.

"சீட்டு," என்றாள் ஹிஸ்கா.

சிந்தர்கிளாஸுக்கு முன்னால் வீட்டுக்கு வீடு, ஆபீசுக்கு ஆபீஸ் பெயர்ச் சீட்டு குலுக்குவார்கள். யார் பெயர் வந்ததோ அவருக்கு ரகசியமாக ஒரு பரிசு கொடுத்து அசத்த வேண்டும். போன செவ்வாய்க்கிழமை ஹிஸ்காவும் வகுப்பில் சீட்டுக் குலுக்கினாள், பௌக்கெயின் தொப்பியில். ஆனால் பரிசுக்கு அல்ல. "மண்டபத்துல நீங்க எல்லாரும் வீராங்கனைதான். கடை வரிசையில, சைக்கிளைப் பூட்டுறப்போ? அங்கதான் ஆபத்து வரும்," என்று முழங்கினாள். "உங்க சீட்டுல இருக்கிற ஆளை, பண்டிகைக்குள்ள, அவ எதிர்பார்க்காத இடத்துல பயிற்சிக் கத்தியோட மடக்குங்க. வலது ஒண்ணு, இடது ஒண்ணு." பெண்கள் குதித்தார்கள். ஆளுக்கொரு பயிற்சிக் கத்தியை வீட்டுக்கு எடுத்துப்போனார்கள்.

செய்தி கேட்ட அன்றே இது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சீப்ரன் என்ற பெயர் அவ்வளவு வாகாக முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. தவிர, பயிற்சிக் கத்தியால் யாரையும் குத்த முடியாது.

"அதெல்லாம் மொன்னை தலைவி," என்றான் பௌக்கெயும். "வெண்ணெய்ல வெச்சாலும் வழுக்கிட்டுப் போகும். சந்தையில சாணை பிடிக்கிறவன்கிட்ட அலகையும் முனையையும் மழுங்கத் தேய்ச்சு எடுத்தது நான்தானே. நீல டேப் சுத்தினதும் நானே."

ரப்பர் கத்தியைப் பார்த்தால் யாருக்கும் வியர்க்காது என்பது ஹிஸ்காவின் கட்சி. அதனால் நிஜக் கத்திகளையே மழுங்கடித்து வைத்திருந்தாள். ஹெர்ரிங் மீன் கடை வைத்திருக்கும் லீஸ்பெத், அவளும் வகுப்பில் ஒருத்திதான், தன் பழைய கத்திகளைத் தானமாகக் கொடுத்திருந்தாள்.

"சாக்லேட்டோட வந்தவ கொல்ல வரல," என்றாள் ஹிஸ்கா. "விளையாட வந்திருக்கா. ஆனா கையில நிஜக் கத்தி இருந்திருக்கு. அனூக் பேரை எடுத்தது யாரு?"

"ரகசியச் சீட்டு. என் தொப்பியைக் கேட்டாத்தான் உண்டு. அனூக்கைத் தள்ளினா பதிமூணு பேர். மணி ஒண்ணரை. ஆளுக்குப் பத்து நிமிஷம்னாலும்..."

"இன்னொண்ணு," என்றார் வீபெ. இதுவரை பிஸ்கட் டப்பாவின் மேல் கை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியை மறுபடி எடுத்தார். "போலீஸ் கேக்கல, நானும் சொல்லல. கத்தியைத் திரும்ப வாங்கின உடனே மழைக்கோட்டு இப்படிப் பண்ணுச்சு." கரண்டியைத் தொடையில் இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு இழுத்தார். "சட்டு சட்டுன்னு. அதுக்கப்புறம்தான் பாய்ஞ்சுது."

பௌக்கெயின் வாய் அசைபோடுவதை நிறுத்தியது.

"ஐயா, நீங்க ஹெர்ரிங் எங்க சாப்பிடுவீங்க?"

"சனிக்கிழமை சனிக்கிழமை துறைமுகத்துல. லீஸ்பெத் கடை. வேற எங்க..." பெரியவர் நிறுத்தினார். கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவே லீஸ்பெத் கத்தியைத் தொடையில் இரண்டு இழுப்பு துடைப்பதை அவர் எத்தனை சனிக்கிழமைகள் பார்த்திருப்பார். "அடக் கடவுளே. நல்ல பொண்ணாச்சே அது."

பிஸ்கட் டப்பாவைத் திறந்து அவர்கள் பக்கம் நகர்த்தினார். பௌக்கெகூட எடுக்கவில்லை.

*

துறைமுகத்தில் காற்று ஆளைத் தள்ளியது. கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. லீஸ்பெத் நாற்பது வயதுக்காரி, படகுத் துடுப்பு மாதிரி கைகள். ஹிஸ்காவைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை. ஒரு ஹெர்ரிங்கை எடுத்துச் சுத்தம் பண்ண ஆரம்பித்தாள்.

"வெங்காயம் தூக்கலாப் போடு," என்றான் பௌக்கெ. பிறகு அவள் கையைப் பார்த்தான். மஞ்சள் கைப்பிடி போட்ட புத்தம்புதுக் கத்தி.

"லீஸ்பெத், உன் பயிற்சிக் கத்தி எங்க?" என்று கேட்டாள் ஹிஸ்கா.

லீஸ்பெத் இடது கையால் மேஜைக்கு அடியில் துழாவி எடுத்து வைத்தாள். நீல டேப் சுற்றியது. பௌக்கெ அலகைக் கட்டைவிரலில் வைத்து அழுத்தினான். கோடுகூட விழவில்லை.

"உன் வேலைக் கத்தி?"

லீஸ்பெத் மீனைக் கீழே வைத்தாள். தலைக்கு மேலே கடற்காகம் ஒன்று கத்திக்கொண்டே இருந்தது.

ஹிஸ்காவுக்கு அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் லீஸ்பெத் தன் வேலைக் கத்தியை வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டியிருந்தாள். அதிலும் நீல டேப். "பாருங்க டீச்சர், கடையிலயும் அதே பிடி. நாள் பூரா பயிற்சி!" என்றாள். ஹிஸ்கா வகுப்பை நிறுத்தி, எல்லோரையும் கைதட்டச் சொன்னாள். இப்படித்தான் கலை ரத்தத்தில் ஊற வேண்டும் என்று பேசவும் செய்தாள். இரண்டு கத்திகளும் ஒரே மாதிரி இருந்தால் என்ன ஆகும் என்று அந்த மண்டபத்தில் ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டியவள் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் ஏப்ரன் பையில இருந்துச்சு," என்றாள் லீஸ்பெத். "கடையை அரை மணி நேரம் மூடிட்டு ஓடினேன். மழைக்கோட்டு, தடிக் கையுறை, அவளுக்குக் கொடுக்க ஒரு சாக்லேட் எழுத்து. அவளை எப்படி அசத்தப் போறேன் பாருன்னு ஒரே சிரிப்பு எனக்கு. அவ மணிக்கட்டைப் பிடிச்சதும், 'நீயா பிசாசே!'ன்னு சிரிச்சா. கத்தியைக் கொடுத்தா. இடப்பக்கம் போனேன். அவ கை வரல. எப்பவும் மொன்னைக் கத்தி அங்க முட்டி நிக்கும். அன்னிக்கு நிக்கல டீச்சர். நிக்கவே இல்ல."

"அவளை அப்படியே போட்டுட்டு வந்துட்டியா?"

"மேல யாரோ போன் பண்றது கேட்டுச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தெருமுனையில நின்னேன். கத்தியைத் தண்ணியில எறிஞ்சேன். போலீசுக்குப் போகத்தான் கிளம்பினேன். நிஜமா. வெள்ளிக்கிழமை காலையில கோட்டை மாட்டிட்டேன். அப்பத்தான் உங்க மெசேஜ் வந்துச்சு." அவள் செல்போனை எடுக்கத் தேவையில்லாமல் மனப்பாடமாகச் சொன்னாள். "'சீப்ரன்தான். எனக்குச் சந்தேகமே இல்லை.' உங்களுக்கே சந்தேகம் இல்லைன்னா... நான் போனதுக்கப்புறம் அவன் வந்திருப்பானோன்னு நினைச்சுக்கிட்டேன். நம்பல. சும்மா நினைச்சுக்கிட்டேன். கோட்டைக் கழட்டி மாட்டிட்டேன்."

பேசப் பேச அவள் கை மேலே எழும்பியது. மஞ்சள் கத்தி இன்னும் அந்தக் கையில்தான் இருந்தது. அது நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது. எந்தப் பக்கம் போகப்போகிறது என்று அவளுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. பௌக்கெ மெல்ல ஓர் அடி எடுத்து வைத்தான். ஹிஸ்கா அவனைக் கண்ணாலேயே நிறுத்தினாள்.

மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து வலது கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே. செவ்வாய்க்கிழமைகளில் நீட்டுவது போல.

லீஸ்பெத் அந்தக் கையைப் பார்த்தாள். அவள் விரல்கள் தாமாகவே கத்தியைத் திருப்பின. அலகு இரண்டு விரலுக்குள் வந்தது. கைப்பிடி ஹிஸ்காவின் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

ஹிஸ்கா தலையசைத்தாள். ஆனால் இந்தத் தடவை கத்தி திரும்பிப் போகவில்லை. அதைப் பௌக்கெயிடம் கொடுத்துவிட்டு, சுற்றிக்கொண்டு கடைக்குள் போய் லீஸ்பெத்தைக் கட்டிக்கொண்டாள். மீன் வாடையும் வெங்காய வாடையும் அடித்தது.  யார் யாரைத் தாங்கிப் பிடித்தார்கள் என்று பௌக்கெயால் சொல்ல முடியவில்லை.

"கோட்டை மாட்டு," என்றாள் ஹிஸ்கா. "மணி மூணாகப் போகுது."

"நீங்களும் வருவீங்களா டீச்சர்?"

"உனக்கு முன்னால நான்தான் போகணும்."

*

போலீஸ் நிலைய மேஜையில் இருந்த இளைஞன், யாருடைய வாக்குமூலம் என்று கேட்டான்.

"ரெண்டு பேரோடது," என்றாள் ஹிஸ்கா. "முதல்ல என்னோடதை எழுதுங்க. கத்தியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கொடுத்தது நான். தெருவுல பாயச் சொன்னது நான். நிஜக் கத்திக்கு நீல டேப் சுத்தினவளுக்குக் கைதட்டினது நான். வெள்ளிக்கிழமை உங்ககிட்ட வந்து, பார்க்காததைப் பார்த்த மாதிரி சொன்னதும் நான்தான்."

"கொஞ்சம் மெதுவாம்மா," என்றான் அவன். அவள் மெதுவாக மறுபடி சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. லீஸ்பெத் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே சுவரில் இருந்த கடிகாரம் மூன்று இருபதைக் காட்டியது.

நீதிபதி நாலு மணிக்கு சீப்ரனின் கோப்பைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. ஐந்தரைக்கு அவன் படியிறங்கி வந்தான். பெரிய உருவம். காவலறையில் போலீஸ் கழற்றி வாங்கியிருந்த காலணிக் கயிறுகளைக் கையில் சுருட்டி வைத்திருந்தான். அவன் அக்கா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவன் அக்காவின் தோளுக்கு மேல் ஹிஸ்காவைப் பார்த்தான்.

"அனூக் எப்படி இருக்கா?"

"இன்னும் முழிக்கல." ஹிஸ்கா ஓர் எட்டு முன்னால் வந்தாள். "நான்தான் அவ டீச்சர். உங்க பேரைச் சொன்னது நான்தான்."

அவன் கையிலிருந்த கயிறுகளைப் பார்த்தான்.

"எதிர்ல போய் நின்னது நான்தான்," என்றான். "அது தப்பு. அவ பயப்படறான்னு தெரிஞ்சும் நின்னேன். ஆனா நிக்கறதும் குத்தறதும் ஒண்ணு இல்லம்மா."

"தெரியும். மன்னிப்பு..."

"இன்னிக்கு வேண்டாம். மூணு நாளாத் தூங்கல. மன்னிக்கறதுக்கெல்லாம் தெம்பு வேணும்."

படியில் உட்கார்ந்து, காலணிக்குக் கயிறு கோத்தான். ஒவ்வொரு துளையாக, அவசரமே இல்லாமல் கோத்தான். பிறகு அக்காவோடு போனான். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பார்த்திருந்தாலும் ஹிஸ்காவால் தாங்கியிருக்க முடியாது.

பௌக்கெயின் செல்போன் அடித்தது. அவன் எடுத்தான். "ஆமா, நான் அவங்க உதவியாளர்தான்... என்னது? எப்ப?" முகம் விரிந்தது. "தலைவி! ஆஸ்பத்திரி நர்ஸ். அனூக் கண்ணைத் திறந்துட்டா! பிழைச்சுட்டா!"

ஹிஸ்கா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நாலு நாளில் முதல் தடவையாக மூச்சு முழுசாக உள்ளே போனது.

"பேசறாளாம்," என்றான் பௌக்கெ. போனைக் காதில் அழுத்தி இன்னும் கொஞ்சம் கேட்டான். விரிந்த முகம் மெல்லச் சுருங்கியது. "சரி சிஸ்டர். சொல்றேன்," என்று போனை வைத்தான்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்ல."

"பௌக்கெ."

அவன் தன் தேய்ந்த இடது செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "முழிச்சதும் முதல் வார்த்தையே உனக்குத்தானாம். 'டீச்சர்கிட்ட சொல்லுங்க, தப்பு என்னோடதுதான், இடப்பக்கம் எனக்கு இன்னும் சரியா வரல'ன்னாளாம். கோவிச்சுக்க வேண்டாமாம். வகுப்புக்கு வந்து நல்லாப் பழகிக்கறாளாம்."

பௌக்கெ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.  சீப்ரன் உட்கார்ந்து எழுந்த அதே படியில் ஹிஸ்கா உட்கார்ந்தாள், முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.